இரண்டு தம்பூர், நான்கு சப்பாத்து

சென்ற வாரம் நெல்லித்தோப்புச் சந்திப்பில் சிவப்பு விளக்கு அணைவதற்காகக் காத்து நின்றிருந்தேன். உடன் என் பக்கத்து வீட்டுக்காரர். வங்கியில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். எங்களுக்கு முன்னால் ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று. அதன் அடியிலிருந்து ஒரு வாடை கிளம்பி வந்தது. சுட்ட மாட்டுக்கொம்பையும் பழைய ரப்பரையும் ஒன்றாக அடுப்பில் போட்டாற்போன்ற வாடை. அவர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, "எவனோ பிளாஸ்டிக்கக் கொளுத்துறான் சார்" என்றார்.

"பிளாஸ்டிக் இல்ல. இடது பின்சக்கரத்துல பிரேக் ஷூ டிரம்ம விட்டு வெலகாம ஒரசிக்கிட்டே வருது. லைனிங் கருகுது" என்றேன்.

அவர் கைக்குட்டையை இறக்கிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க பிரெஞ்சு புரொபசர்னுல்ல சொன்னாங்க?"

நான் பிரெஞ்சுப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பது உண்மை. அதற்குரிய சால்வைகளும் கேடயங்களும் என் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் உள்ளன; ஐயமுள்ளோர் வந்து பார்க்கலாம். ஆனால், கல்லூரியில் இடம் கிடைக்கும்வரை சில ஆண்டுகள், விழுப்புரம் சாலையில் கனரக வாகன உதிரிபாகக் கடை ஒன்றில் விற்பனை மேசைக்குப் பின்னால் நின்றேன். இதை நான் மறைத்ததில்லை. யாரும் கேட்டதில்லை, அவ்வளவே.

அந்தக் கடைக்கு என்று ஒரு மணம் இருந்தது. கிரீஸும் சாக்கும் மெழுகுத்தாளும் சேர்ந்த மணம். அது சட்டைக்குள் புகுந்தால் எளிதில் போகாது. மாலையில் பிரெஞ்சு நூலகத்துக்குப் போனால், நான் அமரும் மேசையிலிருந்து மற்றவர்கள் நாகரிகமாக எழுந்து வேறு மேசைக்குப் போவார்கள். எனக்கும் அது வசதியாகவே இருந்தது. முழு மேசையும் என்னுடையதாயிற்று. முதலாளிக்கு என் பெயர் நினைவில் நின்றதே இல்லை. "யோவ் பி.ஏ., அந்த ரிவிட்டு டப்பாவ எடு" என்றுதான் கூப்பிடுவார். பட்டத்தைச் சொல்லி அழைக்கிறாரே என்று முதல் நாள் மகிழ்ந்தேன். இரண்டாம் நாள், கடை வாசலில் கிடந்த நாயையும் அவர் ஏதோ பட்டம் சொல்லி அழைப்பதைக் கேட்டேன்.

ஆயினும் அங்கே நான் கற்ற ஒன்றை எந்த வகுப்பறையிலும் கற்றதில்லை: லாரிக்கு டிரம் தேர்ந்தெடுக்கும் முறை. பிரேக் டிரம் என்பது சக்கரத்தோடு சுழலும் பெரிய வார்ப்பிரும்புச் சட்டி. அதன் உள்ளே பிறை வடிவத்தில் இரண்டு ஷூக்கள். பிரேக்கை மிதித்தால் ஷூக்கள் விரிந்து சட்டியின் உட்சுவரைப் பற்றும், வண்டி நிற்கும். சட்டி தேய்ந்தால் உள்விளிம்பில் ஒரு வரம்பு எழும்பும். விரலை ஓட்டினால் நகம் தட்டும். வெப்பத்தில் வெந்திருந்தால் நீலம் பாய்ந்திருக்கும். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. கண்ணுக்குத் தெரியாத கீறலுக்குச் சுத்தியல் வேண்டும். டிரம்மைக் கயிற்றில் தூக்கிக் கட்டி இலேசாகத் தட்டினால், நல்லது கோயில் மணிபோல நீளமாகப் பாடும். கீறல் விழுந்தது 'தொப்' என்று ஒரு சொல்லோடு முடித்துக்கொள்ளும். சங்கீத சபைக்காரர்கள்கூட நான் காது கொடுத்த அளவுக்குக் காது கொடுத்திருக்க மாட்டார்கள் என்பது என் துணிபு.

பிரெஞ்சில் டிரம்முக்குத் தம்பூர் என்று பெயர். பேண்டுக்காரர்கள் கழுத்தில் மாட்டிக் கொட்டுகிற தம்பூருக்கும் அதே பெயர்தான். இந்தச் சொல்லைக் கடையில் சொன்னவர் ஒரே ஒருவர், சிங்காரவேலு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் பல்லாண்டு லாரி ஓட்டி, ஓய்வூதியத்தோடு திரும்பி, சொந்தமாக ஒரு லாரி வாங்கியவர். ஊரில் அவரைச் 'சொல்தா' என்பார்கள். பிரெஞ்சில் சிப்பாய் என்று பொருள். நான் பிரெஞ்சு படித்தவன் என்பதால் என்னை அவர் 'முசியே', அதாவது ஐயா, என்றே அழைத்தார். மற்றவர்களிடம் தமிழ்; வண்டி உறுப்புகளிடம் மட்டும் பிரெஞ்சு. ஷூவை மட்டும் எதனாலோ 'சப்பாத்து' என்பார். அது பிரெஞ்சுச் சொல்லே அன்று, காலணிக்குப் போர்த்துகீசியர் விட்டுச் சென்ற சொல் என்று ஒருமுறை அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி முசியே, அந்தச் சப்பாத்த எடுங்க" என்றார்.

சொல்தாவின் லாரிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. மாசி மகத்தன்று அவருடைய ஊர்ச் சாமி தீர்த்தவாரிக்காக வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வருவது அந்த லாரியில்தான். இது வாடகைக்கு ஓடும் ஓட்டமன்று. பட்டாளத்திலிருந்து திரும்பிய நாளில் ஊரார் அவரை அயலாராகவே வைத்திருந்தார்கள். "வெள்ளக்காரன் ரொட்டி தின்னவன்" என்று டீக்கடையில் காதுபடவே சொல்வார்களாம். சாமி அவர் வண்டியில் ஏறிய பிறகுதான் அந்தப் பேச்சு நின்றது. பொங்கலுக்குக் கரும்பு வந்தது. அவர் வீட்டில் பெண் கேட்டு வந்தார்கள்.

அப்படிப்பட்ட லாரி, முந்தைய ஆண்டு தீர்த்தவாரிக்குப் போகும் வழியில், பிரேக் போட்டபோது இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போய், ஒரு பொரிக்கடைக்குள் நுழைந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஆனால் கடையிலிருந்த பொரி முழுவதும் எழும்பிச் சாமி மேல் விழுந்தது. 'பொரி அபிஷேகம்' என்று நகரமே சிரித்தது. தர்மகர்த்தாவால் சிரிக்க முடியவில்லை. "இந்த வருஷம் மகத்துக்கு மொத நாளு வந்து பாப்பேன். வண்டி நேரா நின்னா உன் வண்டி. ஒரு சாணு இழுத்தாலும் எங்க மாமனார் ஊரு வண்டியில சாமி போவும்" என்று சொல்லிவிட்டார்.

ஆகவே, மகத்துக்குச் சில நாட்கள் முன்பு சொல்தா கடைக்கு வந்து நின்றார். நெஞ்சை நிமிர்த்தித்தான் நின்றார். ஆனால் தொப்பி கையில் இருந்தது.

"முசியே, நீங்களே வந்து தம்பூரப் பாத்துச் சொல்லணும்."

பட்டறைக்குப் போனேன். முன் அச்சின் இரு சக்கரங்களும் கழற்றப்பட்டு, மரக்கட்டைகள் மேல் லாரி நின்றது. வலப்பக்க டிரம்மைத் தட்டினேன், பாடியது. இடப்பக்கத்தைத் தட்டினேன்; 'தொப்.'

சொல்தாவின் முகம் மலர்ந்தது. "அப்ப ஒண்ணு மாத்துனாப் போதும்!"

"ரெண்டும் மாத்தணும்."

"பாடுறதயும் எதுக்குத் தூக்கி எறியணும்?"

"அது பாடுது. ஆனா தேஞ்சு போயிருக்கு. வரம்ப விரல் வச்சுப் பாருங்க. ஒரு பக்கம் புதுசும் ஒரு பக்கம் தேஞ்சதும் இருந்தா ரெண்டும் ஒரே மாதிரி பிடிக்காது. மறுபடியும் இழுக்கும். அடுத்த வருஷம் பொரிக்கடைக்காரர் உங்களுக்காகவே காத்துக்கிட்டு இருப்பாரு."

அடுத்த சண்டை லைனிங் பற்றியது. ஷூவின் மேல் ரிவிட் அடித்துப் பொருத்தும் அந்தப் பட்டையில் கெட்டியானதும் உண்டு, மென்மையானதும் உண்டு. சொல்தாவுக்குக் கெட்டியானதுதான் வேண்டும். "மலை எறங்குறப்ப அதுதான் தாங்கும் முசியே. நான் எறங்காத மலையா?"

"கெட்டி லைனிங் சூடேறினாத்தான் நல்லாப் பிடிக்கும். சாமி மலையா எறங்குது? கூட்டத்துல ஊர்ந்து போவுது. அடிக்கொரு தரம் மிதிக்கணும்; பிரேக்கு ஜில்லுனே இருக்கும். குளிர்ச்சியிலயே பிடிக்கிற மெது லைனிங்தான் இதுக்கு. கல்லு லாரிக்குக் கெட்டி, சாமி லாரிக்கு மெது."

இதை நான் சொன்ன விதம் எனக்கே பிடித்திருந்தது. அவர் பழைய ஷூ ஒன்றை எடுத்து, லைனிங்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு, வீட்டில் கலந்துகொண்டு மறுநாள் மாலைக்குள் ஆளனுப்புவதாகச் சொன்னார். "அதுவரைக்கும் எடுத்து வைக்கிறேன். வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

மறுநாள் மாலை வந்தது; ஆள் வரவில்லை. கல்குவாரி லாரிக்காரர் ஒருவர் வந்தார். அதே அளவு டிரம் இரண்டு கேட்டார். கடையில் இருந்தவை அந்த இரண்டுதான்.

"எடுத்துக் குடுய்யா பி.ஏ." என்றார் முதலாளி.

"அது சொல்தாவுக்கு வச்சிருக்கு."

"சொல்தா எங்க? இங்க நிக்கிறாரா? இவரு நிக்கிறாரு."

"வாக்குக் குடுத்திருக்கேன்."

முதலாளி குவாரிக்காரரைப் பார்த்தார். "கேட்டுக்கங்க. படிச்ச ஆளா வேணும்னு நான்தான் தேடிப் புடிச்சேன். என்னச் சொல்லணும்."

குவாரிக்காரர் நல்ல மனிதர். சிரித்துவிட்டு, விழுப்புரத்தில் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார். முதலாளி அன்று கடை அடைக்கும்வரை என்னோடு பேசவில்லை. அது ஒரு விதத்தில் ஓய்வு நாள்தான்.

விடிந்தது, மகத்துக்கு முதல் நாள். தர்மகர்த்தா வந்து பார்க்கும் நாள். இனியும் காத்திருப்பது முறையன்று என்று, டிரம் இரண்டையும் ஷூக்கள் நான்கையும் மூன்று சக்கர மிதிவண்டி ஒன்றில் ஏற்றி, நானே பட்டறைக்குக் கிளம்பினேன். மிதிவண்டிக்காரர் மிதித்தார்; நான் சலவை மடிப்புக் கலையாமல் பக்கத்தில் நடந்தேன். வழியில் என் பழைய வகுப்புத் தோழர் எதிர்ப்பட்டபோது மட்டும், அந்த வண்டிக்கும் எனக்கும் இடையே சற்று இடைவெளி விட்டு நடந்ததாக நினைவு.

பட்டறை வாசலில் நான் கண்ட காட்சியை இன்றும் என்னால் தெளிவாகச் சொல்ல முடியும். சக்கரமில்லாத லாரி. அதற்கு முன்னால், சிவப்புச் சட்டை அணிந்த இருவர் கழுத்தில் தம்பூர் மாட்டிக்கொண்டு விறைப்பாக நின்றார்கள். இருவர் காலிலும் சுண்ணாம்பு பூசினாற்போன்ற புத்தம் புதிய வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து. பக்கத்தில் அவர்களுடைய பேண்டு வாத்தியார், மீசையை முறுக்கியபடி. எதிரில் சொல்தா, கையில் ஸ்பேனரோடு, வாயடைத்துப்போய்.

"இன்னாய்யா இது?" என்றார் சொல்தா.

"நீங்க கேட்டதுதான். ரெண்டு தம்பூரு, நாலு சப்பாத்து. மத்தவங்க வெறுங்காலோட வருவாங்க. நீங்க பட்டாளத்துல இருந்தவரு, சப்பாத்தோட கேக்குறீங்க. வாங்கிட்டேன். கால் அளவுதான் நேத்து ராத்திரி தேடித் தேடி அலஞ்சேன்."

"நான் எப்பய்யா உன்கிட்டக் கேட்டேன்?"

அப்போது லாரிக்குப் பின்னாலிருந்து சொல்தாவின் மைத்துனர் வீராசாமி மெல்ல வெளிப்பட்டார். ஆலைத் தறியில் வேலை பார்ப்பவர். லாரிக்கும் அவருக்கும் உள்ள உறவு, அதில் ஏறி ஊருக்குப் போவதோடு சரி. "நீங்கதான் மாமா சொன்னீங்க. முசியேகிட்டப் போயி, சாமி வண்டிக்கு ரெண்டு தம்பூரு, நாலு சப்பாத்து, நாளைக்குக் காலையில வேணும்னு சொல்லுன்னு."

"இந்த முசியேகிட்டடா!" சொல்தா என்னைக் காட்டினார்.

"ஊர்ல எல்லாரும் பேண்டு முசியேன்னு இவரத்தான கூப்புடுறாங்க? இவருதான தம்பூரு வச்சிருக்காரு?" வீராசாமி என்னை ஒருமுறை பார்த்தார். "இவரப் பாத்தா தம்பூரு விக்கிற ஆளு மாதிரியா இருக்கு?"

அந்தக் கடைசி வாக்கியத்தைப் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான்.

ஒரு அச்சுக்கு இரண்டு டிரம். அதற்கு நான்கு ஷூ. இரண்டு தம்பூர்க்காரர், அவர்களுக்கு நான்கு சப்பாத்து. கணக்கு இவ்வளவு நேராகப் பொருந்தும்போது யார்தான் ஐயப்படுவார்கள்? பேண்டு முசியேயின் இடத்தில் நான் இருந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன். காலுக்குப் பொருந்தும் அளவு மட்டும் அவ்வளவு விரைவாகத் தேடியிருக்க மாட்டேன்.

நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் தர்மகர்த்தாவின் மாட்டுவண்டி வந்து நின்றது. அவர் இறங்கினார். சக்கரமில்லாத லாரியைப் பார்த்தார். தம்பூர்க்காரர்களைப் பார்த்தார். அவர்கள் கால்களைப் பார்த்தார்.

"பிரேக்கு எங்க?"

பதற்றத்தில் தம்பூர்க்காரர் ஒருவர் மெல்ல ஒரு தட்டு தட்டிவிட்டார்.

"சாமி வண்டி முன்னால சப்பாத்து மாட்டிக்கினு நிக்கிறீங்களா? சொல்தா, நீ திருந்தவே மாட்ட. எங்க மாமனாருக்குச் சொல்லி அனுப்புறேன்."

சொல்தாவின் நெஞ்சு, அத்தனை நாளும் நிமிர்ந்தே நான் பார்த்திருந்த நெஞ்சு, அந்த ஒரு கணம் குழிந்தது. அப்போது நான் முன்னால் வந்தேன். பிற்காலத்தில் பட்டமளிப்பு விழாக்களில் பேசியிருக்கிறேன். ஆனால் அன்று பட்டறை வாசலில் பேசியதைவிடச் சிறந்த உரையை நான் ஆற்றியதில்லை.

"பெரியவரே, பிரேக்கு இதோ இந்த மூணு சக்கர வண்டியில இருக்கு. மத்தியானம் வரைக்கும் பொறுங்க. இழுத்துச்சுன்னா இந்தக் கடையில இனிமே நான் நிக்க மாட்டேன்."

கடையில் நிற்காமல் போவதற்கே நான் ஒரு வழி தேடிக்கொண்டிருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது. இருந்தாலும் சபதம் சபதம்தான். அவர் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தார்.

டிரம் இரண்டையும் கயிற்றில் கட்டித் தூக்கினார்கள். வழக்கப்படி நான் தட்டிப் பார்த்தேன், இரண்டும் பாடின. தம்பூர்க்காரர்கள் இருவரும் அருகே வந்து, தங்கள் குச்சியாலும் ஆளுக்கொரு தட்டு தட்டினார்கள். "இது நம்மளுத விட நல்லாருக்குடா" என்றார் ஒருவர். தர்மகர்த்தாவின் உதடு இலேசாக அசைந்ததை நான் கவனித்தேன். மெது லைனிங் அடித்த ஷூக்கள் ஏறின, டிரம்கள் ஏறின, சக்கரங்கள் ஏறின. புது லைனிங் டிரம்மோடு படியவேண்டும் என்பதால், சொல்தாவைச் சாலையில் மேலும் கீழும் போகவைத்து, மெல்ல மெல்ல மிதித்து விடச் சொன்னேன். அந்த மனிதர், மலையெல்லாம் இறங்கியவர், என் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, குழந்தை நடை பழகுவதுபோல் ஓட்டினார்.

பிறகு சோதனை. தர்மகர்த்தா தம் வண்டியிலிருந்து ஒரு பித்தளைச் செம்பை எடுத்து, விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, சாமி நிற்கும் இடத்தில், லாரியின் நடுப்பலகை மேல் வைத்தார். "தண்ணி முன்னால சிந்துனா நேரா நின்னுச்சுன்னு அர்த்தம். பக்கத்துல சிந்துனா…" மாமனார் பெயரை அவர் மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சொல்தா வண்டியைக் கொஞ்சம் வேகமாகவே எடுத்து வந்தார். எங்களுக்கு நேராக வந்ததும் மிதித்தார். லாரி மூக்கைத் தாழ்த்தி, ஒரு வணக்கம் சொல்லி, நேராக நின்றது. எல்லோரும் பின்பலகையில் ஏறிப் பார்த்தோம். செம்புக்கு முன்னால் ஈரம், நாக்கு நீட்டினாற்போல் நேர்க்கோட்டில். இடப்பக்கமும் இல்லை, வலப்பக்கமும் இல்லை.

தர்மகர்த்தா அந்த ஈரத்தைக் குனிந்து நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்தார். "ம். சாமி உன் வண்டியிலதான் வருது."

சொல்தா ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார், இறங்கவில்லை. கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. அதை இங்கே விவரிப்பது அவருடைய பட்டாளத்து மரியாதைக்குத் தகாது.

எஞ்சியவர்கள் தம்பூர்க்காரர்கள். பேண்டு முசியே தொண்டையைச் செருமினார். தர்மகர்த்தா கையமர்த்தி, "வந்தவங்க வந்துட்டாங்க. நாளைக்கு வண்டி முன்னால அடிச்சிக்கினு போவட்டும். சப்பாத்தக் கழட்டிட்டுத்தான்" என்றார். கழற்றிய நான்கு வெள்ளைச் சப்பாத்துகளையும் என்ன செய்வது என்று கேள்வி எழுந்தது. திருஷ்டிக்கு லாரிகளில் பழைய செருப்புக் கட்டுவது வழக்கம்தானே, புதிதாகவே இருக்கட்டும் என்று வீராசாமி அவற்றை வண்டியின் பின்னால், சாமியின் பார்வை படாத இடத்தில், கட்டித் தொங்கவிட்டார். அவர் அன்று செய்தவற்றுள் யாரும் குறை சொல்லாத காரியம் அது ஒன்றுதான்.

மறுநாள் சாமி வைத்திக்குப்பத்துக்குப் போனது. முன்னால் இரண்டு தம்பூர் வெறுங்காலோடு. பின்னால் நான்கு சப்பாத்து ஆடிக்கொண்டு. பொரிக்கடைக்காரர் முன்னெச்சரிக்கையாகக் கடையைத் தெருவின் மறுபக்கத்துக்கு மாற்றியிருந்தார். அவரைக் கடக்கும்போது சொல்தா வேண்டுமென்றே பிரேக்கை மிதித்து நிறுத்தி, தொப்பியைத் தூக்கிக் காட்டினார். கூட்டம் கைதட்டியது. அடுத்த ஆண்டும் தம்பூர்க்காரர் இருவரையே கூப்பிட்டார்கள், அதற்கடுத்த ஆண்டும். ஒருவர் வராவிட்டால் சாமி கிளம்பாது என்னும் அளவுக்கு அது வளர்ந்தது.

பிறகு எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி விற்கிறார்கள். சொல்தா மகனோடு பிரான்சுக்குப் போய் அங்கேயே மறைந்தார். 'தம்பூர்' என்று கேட்டு வருபவர் எந்த உதிரிபாகக் கடையிலும் இல்லை. வந்தாலும் புரிந்துகொள்பவர் இல்லை. பெட்டிமேல் எண் அச்சிட்டிருக்கிறது. எண்ணைச் சொன்னால் பொருள் வருகிறது. யாரும் எதையும் தட்டிப் பார்ப்பதில்லை.

இந்த ஆண்டு மாசி மகத்துக்குப் போயிருந்தேன். அந்த ஊர்ச் சாமி, வண்ண விளக்குகள் மின்னும் நீண்ட புது வண்டியில், ஒலிபெருக்கிப் பாட்டோடு வந்தது. முன்னால் தம்பூர் இல்லை. பக்கத்தில் நின்ற இளம் நிர்வாகி ஒருவரிடம் கேட்டேன்.

"அதுவா சார், ஆள் கெடைக்கல, நிறுத்திட்டோம். ஆனா ரொம்பப் பழைய ஐதீகம் சார் அது. ராஜா காலத்துலேருந்து. ரெண்டு தம்பூருன்னா சும்மா இல்ல. ஒண்ணு ஜீவாத்மா, ஒண்ணு பரமாத்மா."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால், பட்டுச் சால்வை போர்த்தி முன்வரிசையில் நின்றிருந்த ஒரு பேராசிரியர், அந்த இடத்தில், அந்த நேரத்தில், லாரிப் பிரேக்கைப் பற்றிப் பேசுவது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். எனினும் என்னால் முழுதாக வாய்மூடி இருக்க முடியவில்லை.

"ஆமாம். ரெண்டுதான். ஒரு அச்சுக்கு ரெண்டு" என்றேன்.

அவர் கண்களை மூடி, இரு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.